இருநூற்றுப் பதினான்காவது நாள்

வர்காவுஸில் யாரும் வீடு வாங்குவதில்லை என்று
தரகர் மின்னா சொல்லவில்லை.
"சந்தை கொஞ்சம் தூங்குகிறது" என்றாள்,
தொட்டிலருகே பேசுவதுபோல் குரலைத் தாழ்த்தி.

இருநூற்றுப் பதினான்கு நாள்.
ஜூனில் மாற்றி எடுத்த படத்தில்
லைலாக் இன்னும் பூத்திருக்கிறது.
சமையலறை மேசையில் ஒரு கிண்ணம் எலுமிச்சை,
மின்னா கொண்டுவந்து வைத்தது. எங்கள் வீட்டில்
ஒரே நேரத்தில் ஏழு எலுமிச்சை இருந்ததே இல்லை.
வெளியே நவம்பர். மூன்று மணிக்கே இருட்டி,
படியில் நான் தூவிய மணல்
பனிக்கு அடியில் போய்விட்டது.

ஆட்கள் வராமலில்லை.
ஒருவர் சுவரைத் தட்டித் தட்டிக் கேட்டார்,
தர்ப்பூசணி வாங்குகிறவர்போல்.
ஒருத்தி குளியலறைத் தரையில் ஈரமானியை வைத்து
எண்ணைப் படித்துவிட்டு
என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்.
எண்பத்து மூன்றில் அப்பா அனுமதி வாங்காமல் கட்டிய பின்னறை
ஆய்வறிக்கையில் "கணக்கில் சேராத பரப்பு".
அங்கேதான் அவர் ஊரார் ரேடியோக்களைப் பிரித்துப் போட்டு
ஒன்றைக்கூடத் திரும்பப் பூட்டாமல் விட்டார்.

கணக்கு எனக்குத் தெரியும்.
ஆளில்லாத வீட்டைப் பன்னிரண்டு டிகிரியில் வைத்திருக்க
மாதம் முந்நூற்று நாற்பது யூரோ.
அதற்குக் கீழே இறக்கினால் குழாய் வெடிக்கும்.
காப்பீடு, சொத்துவரி,
கூரைப் பனியைத் தள்ளும் பக்கத்துவீட்டு வெய்க்கோவுக்கு
ஒரு பொட்டலம் காப்பி.
(பணம் வாங்கமாட்டார். காப்பி என்ன ரகம் என்று பார்ப்பார்.)
காத்திருப்பதற்கும் வாடகை உண்டு.
கடல் வற்றட்டும், கருவாடு தின்னலாம் என்று
நின்ற கொக்கு என்ன ஆனதென்றும் தெரியும்.
இங்கே ஏரி வற்றாது, உறையும்.
கொக்குகள் அக்டோபருக்குள் தெற்கே போய்விடும்,
எங்களைவிடக் கணக்குத் தெரிந்தவை.

அண்ணன் ரெய்யோ ஓவுலுவில் இருக்கிறான்.
ஞாயிறுதோறும் ஆறு மணிக்கு அழைப்பான்.
"மே வரை பொறு, வட்டி இறங்கும்."
மே போனது.
"பள்ளிக்கூடம் திறக்கட்டும், குடும்பக்காரர்கள் தேடுவார்கள்."
திறந்தது.
ஐயாயிரம் குறைப்போம் என்பேன் நான்.
மூவாயிரம் என்பான்.
அப்புறம் கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்கும்.
அப்புறம் முழங்காலைப் பற்றிச் சொல்வான்.
ஒருமுறை, நான் கேட்காமலே,
மனைவி விட்டுப்போன மாதத்தைப் பற்றி.
ஒருமுறை, என்ன கொதிக்கிறது அங்கே, என்றான்.
பட்டாணிக் கஞ்சி என்றேன்.
எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உப்பு என்று கேட்டு
எழுதிக்கொண்டான். பென்சில் உரசும் சத்தம் வந்தது.

அப்பாவை அடக்கம் செய்த நாளுக்கும்
அம்மாவை அடக்கம் செய்த நாளுக்கும் இடையே
பதினோரு ஆண்டு.
அதில் நாங்கள் தொலைபேசியில் பேசியது இரண்டு தடவை.
ஒன்று, அவன் கைதவறி அழுத்தியது.

செவ்வாய்க்கிழமை மின்னா அழைத்தாள்.
மருத்துவமனையில் இரவுப்பணி பார்க்கும் ஒருத்தி,
மரலாரி ஓட்டும் அவள் கணவன்.
கேட்ட விலைக்கு ஒன்பதாயிரம் குறைவு.
பின்னறையைப் பார்த்ததும்தான்
அவன் முதல்முறையாக வாயைத் திறந்தானாம்.
வெள்ளி நான்கு மணிக்குள் பதில் சொல்லவேண்டும்.

நல்ல விலை இல்லை. பழுதும் இல்லை.
இந்தக் குளிர்காலத்தின் எண்ணெய்ச் செலவைக் கழித்தால்
ஏறக்குறைய ரெய்யோவின் மூவாயிரமும் என் ஐயாயிரமும்
ஒன்றையொன்று தேடிப் போய்ச் சேரும் இடம்.

போனை எடுத்தேன். அவன் பெயர்வரை போனேன்.
பிறகு மின்னாவை அழைத்து
திங்கள்வரை தவணை கேட்டேன்.
"அண்ணனிடம் கலந்து பேசவேண்டுமா?"
ஆமாம், என்றேன்.
ஞாயிற்றுக்கிழமைதான் கிடைப்பான்.

ஓய்வுபெற்றவன். எந்நேரமும் கிடைப்பான்.

ஞாயிறு மதியம் காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.
சூட்டை இருபத்தொன்றுக்கு ஏற்றினேன், இன்றைக்கு மட்டும்.
குழாய்கள் சுவருக்குள் சொடக்குப் போட்டன.
கோட்டைக் கழற்றி
நாற்காலியில் போட முடிந்தது.

ஆறு மணிக்கு மணி அடித்தது.
முழங்கால் எப்படி, என்றேன்.
சொன்னான். நீளமாகச் சொன்னான்.
அப்புறம், "ஆள் யாராவது வந்தார்களா?"

கொஞ்சம் இரு, என்றேன்,
அடுப்பை அணைத்துவிட்டு வருகிறேன்.

அடுப்பில் எதுவும் இல்லை.